எம்.பி.யின் மேசைக்கு வரும் குறிப்பு: வாஷிங்டனா, லண்டனா, பிரசெல்ஸா?

ஒரு குடியேற்ற மசோதா அவைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கம் பக்கமாக இருக்கும். பிரித்துப் படித்தால் பாதிக்கு மேல் "இன்ன சட்டத்தின் இன்ன பிரிவில் இந்தச் சொல்லை நீக்கி அந்தச் சொல்லைச் சேர்க்கவும்" என்றே ஓடும். அதை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று சில நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டிய உறுப்பினர், போன வாரம் வரை மீன்பிடி மானியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவராக இருக்கலாம். அமைச்சருக்குப் பின்னால் ஒரு துறையே நிற்கிறது. எம்.பி.க்கோ கட்சிக் கொறடாவின் உத்தரவு வரும். தொண்டு நிறுவனங்களும் முதலாளிகள் சங்கங்களும் அனுப்பும் காகிதங்கள் வரும். இவர்கள் யார் பக்கமும் சாயாமல் விஷயத்தை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றுதான் நாடாளுமன்ற ஆய்வுச் சேவைகள் உருவாயின.

எல்லா ஆய்வுச் சேவைகளும் தங்களை நடுநிலை என்றே சொல்லிக்கொள்கின்றன. அதனால் நடுநிலையை வைத்து இவற்றை ஒப்பிட்டால் ஒன்றும் தேறாது. எனக்குப் பயன்படும் அளவுகோல்கள் வேறு. குறிப்பை யாரெல்லாம் படிக்கலாம்? வாக்கெடுப்புக்கு முன்னால் கைக்கு வந்து சேருமா? அரசு ஒரு கணக்கை வெளியிடாமல் வைத்திருந்தால், அதைத் தானே போட்டுப் பார்க்கும் அதிகாரம் இருக்கிறதா? குடியேற்றத்தைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. ஏனென்றால் தரவு முழுக்க உள்துறையின் பெட்டிக்குள் இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். காங்கிரஸ் ஆய்வுச் சேவை 1914இல் அங்குள்ள காங்கிரஸ் நூலகத்துக்குள் ஒரு பிரிவாகப் பிறந்தது. 1970இல் இன்றைய பெயரும் விரிந்த பொறுப்பும் கிடைத்தன. ஏறத்தாழ 600 பேர் வேலை செய்கிறார்கள். சட்டத்துக்கு ஒரு பிரிவு, உள்நாட்டுச் சமூகக் கொள்கைக்கு ஒரு பிரிவு என்று பிரித்துக்கொண்டு எழுதுகிறார்கள். இதன் பெரிய பலம் ரகசியம். ஒரு செனட்டர் என்ன கேட்டார் என்பது பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தெரியாது. "அகதிக்கும் புகலிடம் கேட்பவருக்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம்?" என்று பத்து வருடமாகப் பதவியில் இருப்பவர்கூட வெட்கப்படாமல் கேட்கலாம். இது சின்ன விஷயம் இல்லை. தெரியாததைக் கேட்க இடம் இல்லாத அவையில், தெரிந்த மாதிரி நடிப்பவர்கள்தான் வாக்களிப்பார்கள்.

ஆனால் இந்த ரகசியம் நெடுங்காலம் எல்லை மீறியும் போனது. மக்களின் வரிப்பணத்தில் எழுதப்பட்ட பொது அறிக்கைகளையே மக்கள் நேரடியாகப் பெற முடியவில்லை. கசிந்தவற்றைத் தனியார் இணையதளங்கள் சேகரித்து வைத்தன, சில நிறுவனங்கள் காசுக்கு விற்றன. 2018இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான், அந்த ஆண்டு செப்டம்பரில் அதிகாரபூர்வ தளம் திறந்தது. தனி உறுப்பினர் கேட்டு வாங்கும் குறிப்புகள் இன்றும் அவருக்கு மட்டும்தான்.

அந்தச் சேவையின் வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க 2012 நல்ல உதாரணம். சிறு வயதில் அழைத்துவரப்பட்டு ஆவணமின்றி வளர்ந்த இளைஞர்களை நாடுகடத்துவதைத் தள்ளிவைக்கும் திட்டத்தை ஒபாமா நிர்வாகம் ஜூன் 15 அன்று அறிவித்தது. அதிபருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று நாடே இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஒரு மாதத்துக்குள் ஆய்வுச் சேவையின் குறிப்பு தயாரானது. அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல்: 1976 முதல் 2011 வரை, நாடுகடத்தலை ஒரு குறிப்பிட்ட பிரிவினருக்கு மொத்தமாக நிறுத்திவைத்த நிர்வாக உத்தரவுகள் எவை எவை என்று. பட்டியல் தீர்ப்பு எதையும் சொல்லவில்லை. ஆதரித்தவர் அதை முன்னுதாரணம் என்று காட்டலாம். எதிர்த்தவர் பழைய உத்தரவுகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டலாம். ஆனால் "இதுவரை யாரும் இப்படிச் செய்ததே இல்லை" என்று மட்டும் இனி யாரும் சொல்ல முடியாது. நல்ல ஆய்வுக் குறிப்பு விவாதத்தை முடித்துவைப்பதில்லை. அதிலிருந்து ஒரு பொய்யைக் கழித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

குடியேற்றமும் நலத்திட்டமும் சந்திக்கும் இடத்திலும் இந்தச் சேவைதான் கை கொடுக்கிறது. 1996 நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களில் பெரும்பாலோர் முக்கியமான மத்திய அரசு உதவிகளுக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அகதிகளுக்கு ஒரு விதி, குழந்தைகளுக்கு ஒரு விதி, மாநிலங்கள் சொந்தக் காசில் தருவதற்கு வேறு விதி. எந்த வகையினருக்கு எந்த உதவி உண்டு என்று வருடக்கணக்காகப் புதுப்பித்து வந்த அறிக்கைகள் இல்லாவிட்டால், மேடையில் சொல்லப்படும் "வந்தவுடனே எல்லாம் இலவசம்" என்ற பேச்சை ஓர் உறுப்பினர் எதை வைத்துச் சரிபார்ப்பார்?

பரிந்துரை செய்யக்கூடாது என்பது அந்தச் சேவையின் கண்டிப்பான விதி. அப்படி இருந்தும் அழுத்தம் வராமல் இல்லை. 2012 செப்டம்பரில், வரி விகிதம் பற்றிய ஓர் அறிக்கை குடியரசுக் கட்சி செனட்டர்களின் ஆட்சேபத்துக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. டிசம்பரில் மீண்டும் வெளியானது. விஷயம் வரிதான், குடியேற்றம் இல்லை. ஆனால் எஜமானருக்கு மட்டும் எழுதும் சேவையின் பலவீனம் அதில் தெரிந்தது. படிப்பவரே சம்பளம் கொடுப்பவராகவும் இருக்கிறார்.

அப்புறம், கணக்கு. செலவு எவ்வளவு என்று சொல்வது அங்கே இன்னொரு அலுவலகத்தின் வேலை, 1974இல் உருவான காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகத்தின் வேலை. 2013இல் செனட்டின் பெரிய குடியேற்ற மசோதா வந்தபோது, அது பத்து ஆண்டுகளில் பற்றாக்குறையை 17,500 கோடி டாலர் குறைக்கும், அடுத்த பத்தாண்டில் சுமார் 70,000 கோடி குறைக்கும் என்று அந்த அலுவலகம் முதலில் மதிப்பிட்டது. குடியேறுபவர்கள் சுமை என்ற வாதத்துக்கு நேர் எதிரான கணக்கு. செனட் 68க்கு 32 என்று நிறைவேற்றியது. கீழவை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. எண் எவ்வளவு திடமாக இருந்தாலும் அவைத் தலைவரின் மேசையைத் தாண்டுவது அதன் கையில் இல்லை.

பிரிட்டனில் கதை வேறு. மக்களவை நூலகம் 1818இல் தொடங்கியது, வயதில் மூத்தது. கேள்வி கேட்கும் உரிமை எம்.பி.க்களுக்கும் அவர்களது அலுவலர்களுக்கும் மட்டும். ஆனால் பொதுக் குறிப்புகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. பத்திரிகையாளர், வழக்கறிஞர், புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர் என்று யாரும் படிக்கலாம். இதில் ஒரு மறைமுக லாபம் உண்டு. தவறு இருந்தால் வெளியே இருப்பவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். அடக்கிவைக்க நினைக்கும் அரசியல்வாதிக்கும் வேலை கடினம்.

இந்த நூலகத்தின் உண்மையான சோதனை நேரம்தான். சட்டவிரோதக் குடியேற்ற மசோதா 2023 மார்ச் 7 அன்று தாக்கலானது. கொள்கை அளவிலான விவாதமான இரண்டாம் வாசிப்பு மார்ச் 13. நடுவில் ஒரு சனி, ஞாயிறு. புகலிடம் கேட்பவர்களை அனுப்ப ருவாண்டா பாதுகாப்பான நாடுதான் என்று சொல்லும் மசோதாவுக்கு இன்னும் குறைவு: டிசம்பர் 7 தாக்கல், 12 வாசிப்பு. இந்த இடைவெளிக்குள் மசோதாவின் பின்னணி, பிரிவுகளின் விளக்கம், வெளியிலிருந்து வந்த எதிர்வினைகள் எல்லாவற்றையும் தொகுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்கள். வேகத்தில் லண்டனை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கணிப்பு.

ஆனால் அரசு வாய் திறக்காத இடத்தில் நூலகமும் கைகட்டித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன மார்ச் மசோதாவை மக்களவை ஏப்ரல் 26 அன்று நிறைவேற்றி அனுப்பியது. அதன் செலவு பற்றிய அரசின் தாக்க மதிப்பீடு ஜூன் 26 அன்றுதான் வெளியானது. ஒருவரை மூன்றாவது நாட்டுக்கு அனுப்ப 1,69,000 பவுண்டு ஆகும் என்று அதில் இருந்தது. அதாவது மக்களவை உறுப்பினர்கள் வாக்களித்து இரண்டு மாதம் கழித்து விலைச்சீட்டு வந்தது. நூலகம் எவ்வளவு நன்றாக எழுதினாலும், இல்லாத ஆவணத்தை விளக்க முடியாது.

சமூகநலக் கொள்கைக்கு வந்தால் அதே நூலகம் வேறு மாதிரி தெரிகிறது. நலத்துறையின் புள்ளிவிவரங்கள் ஒழுங்காக வெளிவருவதால், வேலையின்மை உதவித்தொகை பெறுவோர் எத்தனை பேர் என்று தொகுதிவாரியாகவே தந்துவிடுகிறார்கள். தன் தொகுதியின் எண்ணைப் பார்க்கும் எம்.பி.க்கு நாட்டுச் சராசரியைவிட அதுதான் உறைக்கும். 2017 ஏப்ரலில் வந்த இரண்டு குழந்தை வரம்பு, அதாவது மூன்றாவது குழந்தை முதல் உதவித்தொகை இல்லை என்ற விதி, இப்படி நுணுக்கமாக அலசப்பட்ட ஒன்று. 2024 ஜூலையில் அதை நீக்கக் கோரிய திருத்தத்தை ஆதரித்து வாக்களித்த 7 தொழிற்கட்சி எம்.பி.க்கள் கட்சிக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். விவரம் இல்லாமல் அந்தத் திருத்தம் தோற்கவில்லை. கொறடாவின் கை நீளமாக இருந்தது.

பிரிட்டனுக்கு இல்லாத ஓர் ஆயுதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. அதன் ஆய்வுச் சேவை இளையது, 2013இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2020 செப்டம்பரில் குடியேற்றம், புகலிடம் பற்றிய புதிய ஒப்பந்தத்தை முன்வைத்தபோது, வழக்கமாகக் கூட வர வேண்டிய தாக்க மதிப்பீடு வரவில்லை. பிரிட்டிஷ் எம்.பி.க்கள் இந்த நிலையில் கண்டனம் தெரிவிக்கலாம், அவ்வளவுதான். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் உள்விவகாரக் குழுவோ, "அவர்கள் செய்யாவிட்டால் நீங்கள் செய்யுங்கள்" என்று தன் ஆய்வுச் சேவையைக் கேட்டது. வெளி நிபுணர்களைக் கொண்டு தயாரான மாற்று மதிப்பீடு 2021 ஆகஸ்டில் வெளியானது. மனிதர்கள் முதலில் கால் வைக்கும் எல்லை நாடுகள் மீதே சுமை தொடருமா, எல்லையிலேயே நடக்கும் விசாரணைகளில் அடிப்படை உரிமைகள் என்னாகும் போன்ற கேள்விகளை அது எழுப்பியது. நாடாளுமன்றத்தின் இறுதி வாக்கெடுப்பு 2024 ஏப்ரல் 10 அன்று. அதனால் அந்தக் கணக்கை வைத்துப் பேச உறுப்பினர்களுக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல் கிடைத்தது. ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. ஆனாலும் இந்த ஏற்பாட்டைத்தான் மற்ற நாடாளுமன்றங்கள் முதலில் காப்பியடிக்க வேண்டும் என்பேன். ஒரே குறை: மெதுவாக நகரும் பிரசெல்ஸில் இது சாத்தியம், ஐந்து நாளில் வாசிப்பு வைக்கும் அவையில் சாத்தியமில்லை.

கனடா இந்த வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வாளர்கள் நிலைக்குழுக்களோடு உட்கார்ந்து, சாட்சிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரிப்பதிலிருந்து அறிக்கையின் வரைவு வரை எழுதுகிறார்கள். ஓர் எம்.பி. எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாமல் இருக்கும் நிலையில் இது பெரிய உதவி. கணக்குக்கு நாடாளுமன்ற பட்ஜெட் அதிகாரி இருக்கிறார். முதலில் நூலகத்துக்குள் இருந்த பதவி, 2017இல் தனித்து நிற்கத் தொடங்கியது. அமெரிக்க எல்லையைச் சோதனைச் சாவடி அல்லாத வழியில் கடந்து புகலிடம் கேட்பவர்களால் என்ன செலவு என்று கேட்டபோது, 2017–18இல் மத்திய அரசுக்கு 34 கோடி கனடிய டாலர் என்று 2018 நவம்பரில் பதில் வந்தது. மாகாணங்களின் செலவு அதில் சேரவில்லை. இரு தரப்பும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். போடட்டும். எண்ணே இல்லாமல் போடும் சண்டையைவிட இது மேல்.

ஜெர்மனியைப் பற்றி ஒரு வரி போதும், அதுவும் சுவையானது என்பதால். அங்கே ஆய்வுக் குறிப்புகள் மூடியே கிடந்தன. பறக்கும் தட்டு பற்றி எழுதப்பட்ட குறிப்பைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் போட்ட வழக்கு 2015இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போய் வென்றது. அதன்பின் கேட்ட உறுப்பினருக்கு நான்கு வாரம் தனியுரிமை, பிறகு எல்லோருக்கும் வெளியீடு என்று வழக்கம் மாறியது. வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் நடுவில் இதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

சரி, எது மேல்? கூச்சமில்லாமல் கேள்வி கேட்க வாஷிங்டன். திங்கட்கிழமை விவாதத்துக்கு வெள்ளிக்கிழமையே காகிதம் வேண்டுமென்றால் லண்டன். அரசு மறைத்த கணக்கு வேண்டுமென்றால் பிரசெல்ஸ் அல்லது கனடாவின் ஒட்டாவா. நான் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் லண்டனை எடுத்து, அதோடு ஒட்டாவாவின் பட்ஜெட் அதிகாரியைக் கேட்டு வாங்குவேன்.

ஆனால் எந்த மாதிரியும் உதவாத நாட்களும் உண்டு. ஆஸ்திரேலிய நாடாளுமன்ற நூலகம் மசோதா தொகுப்புரைகளுக்குப் பேர்போனது. 1976 முதல் படகில் வந்தவர்களின் எண்ணிக்கையைத் திரட்டி வைத்திருப்பதும் அதுதான். காலவரையற்ற குடியேற்றத் தடுப்புக்காவல் செல்லாது என்று அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. விடுவிக்கப்பட்டவர்கள் மீது காலில் கண்காணிப்புப் பட்டை, இரவு ஊரடங்கு போன்ற நிபந்தனைகளை விதிக்கும் மசோதா நவம்பர் 16 அன்று தாக்கலாகி, அன்றே இரு அவைகளிலும் நிறைவேறியது. ஒரே நாளில் யார் என்ன தொகுப்புரை எழுதுவது? அந்தப் பட்டையும் ஊரடங்கும் தண்டனைக்குச் சமம், தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை என்று அதே உயர் நீதிமன்றம் 2024 நவம்பர் 6 அன்று அவற்றையும் ரத்து செய்தது.