மைன்கிராஃப்டில் ஒரு தென்னந்தோப்பு: பொள்ளாச்சியிலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

சின்னப் பிள்ளைகளுக்கு எந்த விளையாட்டை வாங்கித் தரலாம் என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது மைன்கிராஃப்ட்டைத்தான். என் மகள் ஒன்றாம் வகுப்பில் தொடங்கினாள். இப்போது நான்காம் வகுப்பு முடியப் போகிறது. இதற்கிடையே எங்கள் கைபேசியில் எத்தனையோ விளையாட்டுகள் வந்து போயின. தங்கியது இது ஒன்றுதான்.

ஸ்வீடனைச் சேர்ந்த மோஜாங் நிறுவனம் 2011இல் இதை முழுமையாக வெளியிட்டது. 2014இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. மண், மரம், கல் எல்லாமே சதுரக் கட்டிகள். உடைக்கலாம், எடுக்கலாம், வேறு இடத்தில் அடுக்கலாம். இதைச் செய்தே ஆக வேண்டும் என்று யாரும் விரட்டுவதில்லை. பிள்ளைகள் இதில் சொக்கிப்போவதற்கு இதுவே காரணம் என்பேன். வீட்டிலும் பள்ளியிலும் நாள் முழுக்கச் சொன்னதைச் செய்கிற பிள்ளைக்கு, தான் சொன்னபடி நடக்கும் ஓர் ஊர் கிடைக்கிறது.

தோப்புக்கு நடுவே வளர்ந்தவள், முதலில் தேடியது தென்னை மரத்தைத்தான். விளையாட்டில் தென்னை கிடையாது. இரண்டு நாள் முகம் வாடியிருந்தாள். பிறகு மழைக்காட்டு மரத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, உச்சியில் நான்கு பக்கமும் இலைக்கட்டிகளை நீட்டிவிட்டாள். அந்த மரத்துண்டின் பக்கவாட்டில் கோக்கோ காய்க்கும் என்று எப்படியோ கண்டுபிடித்து, இலைக்குக் கீழே சுற்றிலும் கோக்கோ பதித்தாள். பிஞ்சில் பச்சையாக இருக்கும்போது பார்த்தால் அசல் இளநீர்க் குலை. எங்கள் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோக்கோ வைப்பார்கள். இவள் தோப்பில் கோக்கோவே தேங்காயாகிவிட்டது.

அவளுடைய அப்புச்சியை, அதாவது என் அப்பாவை, இந்த விளையாட்டுக்குள் இழுத்தது கிணறுதான். இரண்டுக்கு இரண்டு கட்டி அளவில் குழி வெட்டி, எதிரெதிர் மூலையில் ஒவ்வொரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். பிறகு எவ்வளவு மொண்டாலும் குழி நிரம்பிக்கொண்டே இருக்கும். “எத்தனை அடியில் தண்ணீர், கண்ணு?” என்று கேட்டார். “ஒரே ஒரு கட்டி ஆழம்தான், அப்புச்சி” என்றாள். ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் பறந்ததைப் பார்த்த மனிதர் அவர். திரும்பத் திரும்ப மொண்டு காட்டச் சொன்னார். தண்ணீரிலிருந்து நான்கு கட்டி தூரம் வரை மண் ஈரமாகும் என்று அவள் சொன்னதும், “அப்படியென்றால் நடுவில் ஒரு கட்டி தண்ணீர், சுற்றிலும் ஒன்பதுக்கு ஒன்பது பாத்தி. எண்பது கட்டியில் கோதுமை விதைக்கலாம்” என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். இன்றும் அவள் பாத்தி கட்டுவது அந்த அளவில்தான்.

முதல் இரண்டு ஆண்டுகள் கிரியேட்டிவ் முறையிலேயே விடுங்கள். எல்லாக் கட்டிகளும் அளவில்லாமல் கிடைக்கும், பறக்கவும் முடியும். கட்டிகளைத் தானே தேடிச் சேர்த்து உயிர்பிழைக்க வேண்டிய சர்வைவல் முறைக்குப் போனாலும் ‘பீஸ்ஃபுல்’ என்று வைத்துவிட்டால் அரக்கர்கள் வரமாட்டார்கள். பின்னால் வந்து நின்று ‘உஸ்’ என்று சீறி வெடிக்கும் கிரீப்பர், ஏழு வயதுப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும்.

நேரக் கட்டுப்பாட்டுக்கு விளையாட்டிலேயே வழி இருக்கிறது. அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்து 20 நிமிடம். எங்கள் வீட்டில் ‘இரண்டு விடியல்’ என்பது சட்டம். கடிகாரத்தைக் காட்டி நிறுத்தச் சொன்னால் அழுகிற பிள்ளை, சூரியன் வந்துவிட்டால் தானே வைத்துவிடுகிறது. கட்டிலில் படுத்தால் உடனே விடிந்து நேரம் குறையும் என்பதால் இவள் படுப்பதே இல்லை!

பணம் ஒருமுறை கொடுத்து வாங்குவதோடு முடிகிறது. உள்ளே ஒரு கடையும் உண்டு. அதைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். இலவசம் என்று வந்த வேறொரு விளையாட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாணயம் வாங்கச் சொல்லிக் குழந்தையை நச்சரித்தது. அன்றே நீக்கினேன். இந்த வயதில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து விளையாடும் சர்வர்கள் வேண்டவே வேண்டாம். ஒரே வைஃபையில் அத்தை பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுவதில் கிடைக்கும் கும்மாளம் போதும். பொங்கல் விடுமுறையில் நான்கு பேரும் சேர்ந்து தோப்புக்குள் சந்தை போட்டார்கள். சத்தம் தெருமுனை வரை கேட்டது.

குறைகளும் உண்டு. சின்னத் திரையில் பிஞ்சு விரல்களுக்குக் கட்டுப்பாடு சிரமம்; டேப்லெட் நல்லது. கைபேசியும் சூடாகிறது. எங்கள் கைபேசியில் பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான்; தொடக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது: கைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் பிள்ளை கட்டிய உலகமும் அதோடு அழிந்துபோகும். அமைப்பில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து, அவ்வப்போது கணினியில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.