இரண்டு கம்ப்யூட்டர், ஒரே நெட்: நாள்பட ஓட்டிப் பார்த்ததில்

பக்கத்து பக்கத்து மேசையில் உள்ள இரண்டு விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நெட்டைப் பகிர, ஒரு கேபிள் மட்டும் போதும் என்கிற வழி ஐ.சி.எஸ். (விண்டோஸிலேயே உள்ள இன்டர்நெட் பகிரும் வசதி). முதல் கம்ப்யூட்டருக்கு நெட் வைஃபையில் வரட்டும். லேன் போர்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) காலியாக இருக்கட்டும்; அதிலிருந்துதான் இரண்டாவதுக்குக் கேபிள் போகும். வைஃபை அடாப்டரின் பிராப்பர்டீஸில் ஷேரிங் டேபைத் திறந்து, முதல் கட்டத்தில் டிக் போட்டு, ஈதர்நெட்டை (அந்த லேன் போர்ட்டின் இணைப்பை) தேர்ந்தெடுக்க வேண்டும். லேன் போர்ட்டுக்கு 192.168.137.1 என்ற ஐ.பி. (நெட்வொர்க் முகவரி) தானாக வந்துவிடும். இரண்டாவது கம்ப்யூட்டரில் ஐ.பி.யை ஆட்டோமேட்டிக்கிலேயே விடுங்கள். கிராஸ் கேபிள் (கம்பிகள் மாற்றிப் போட்ட கேபிள்) தேடி அலைய வேண்டாம்; கிகாபிட் போர்ட்டுகளுக்குச் சாதாரண கேபிளே போதும்.

முதல் நாள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் காலை இரண்டாவது கம்ப்யூட்டரில் மஞ்சள் முக்கோணம். ஷேரிங் டேபில் டிக் அப்படியே இருக்கும், நெட் மட்டும் வராது. விண்டோஸ் 10-இல் 4 நிமிடம் டிராஃபிக் இல்லாவிட்டால் இந்தச் சர்வீஸ் நின்றுவிடும், தானாக எழாது. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் வரும், ஆனால் தினமும் யார் போடுவது? சர்வீசஸில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்கை ஆட்டோமேட்டிக் ஆக்கி, ரிஜிஸ்ட்ரியின் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஷேர்டுஆக்சஸ் (SharedAccess) கீயில் ‘எனேபிள்ரீபூட்பெர்சிஸ்ட்கனெக்‌ஷன்’ (EnableRebootPersistConnection) என்ற டிவேர்டை (எண் மதிப்பை) 1 ஆக வைத்தால் தொல்லை தீரும்.

தீராதது ஒன்று உண்டு: முதல் கம்ப்யூட்டர் தூங்கினால் இரண்டாவதுக்கும் நெட் போச்சு. அதில் உட்காருபவர் விடுப்பு எடுத்தாலும் மெஷின் ஓடியாக வேண்டும். சில நாள் சமாளிக்க ஐ.சி.எஸ். சரி, நிரந்தரமாக என்றால் ரூட்டர்தான் (ஒரே நெட்டைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பகிரும் தனிப் பெட்டி).

மோடத்தில் வெறும் நெட்வொர்க் ஸ்விட்சை (பல லேன் போர்ட்டுகள் உள்ள பெட்டியை) செருகி இரண்டுக்கும் பிரித்தால் வேலைக்காகாது. மோடம் ஒரே ஐ.பி. கொடுத்தால், முந்திக்கொண்ட கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் நெட். மோடத்திலேயே ரூட்டர் இருந்தால் ஸ்விட்ச் தாராளமாகப் போதும். பழைய ரூட்டரையே ஸ்விட்சாக்கலாம்: அதன் ஐ.பி.யை முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, டி.எச்.சி.பி.யை (தானாக ஐ.பி. வழங்கும் வசதியை) நிறுத்தி, கேபிளை வான் போர்ட்டில் (வெளியிலிருந்து நெட் வரும் போர்ட்டில்) அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். டி.எச்.சி.பி.யை நிறுத்த மறந்தால், ஒரு கம்ப்யூட்டர் தப்பான கேட்வேயை (நெட்டுக்குப் போகும் வாசலை) பிடித்துக்கொண்டு நெட் இல்லாமல் தவிக்கும்.

169.254 என்று தொடங்கும் ஐ.பி. தெரிந்தால் முகவரியே கிடைக்கவில்லை. முதலில் கேபிளைப் பாருங்கள். லிங்க் வேகம் 1000 எம்.பி.பி.எஸ்.-க்குப் (கிகாபிட்) பதில் 100 காட்டினாலும் சந்தேகம் கேபிள் மேல்தான். கிகாபிட்டுக்கு 8 கம்பியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும் என்பதால், கிரிம்ப்பில் (பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது) நீலக் கம்பியோ பழுப்புக் கம்பியோ சரியாகப் பிடிக்காவிட்டாலும் நெட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.