இருபது ஹேர்பின் பெண்டு, இரண்டு வண்டி: ஏற்காட்டுச் சாலையில் ஹன்டர் 350ம் ஸ்பீட் 400ம்

சேலத்தில் புது வண்டி எடுத்தவனைப் பார்த்து யாராக இருந்தாலும் முதலில் கேட்பது "ஏற்காடு ஏறுதா?" என்றுதான். மைலேஜ் எல்லாம் அப்புறம். எங்க அப்பா காலத்திலும் இதே கேள்விதான். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்கள் "டபுள்ஸ்லயே தேர்டு கியர்ல ஏறுனேன்" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்கள். இன்றைக்கு அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. ஏறாத வண்டி எது? ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். பின்னால் மூட்டை கட்டிய எக்ஸ்எல் ஒன்று, முழுசாக 100 சிசிகூட இல்லாதது, கியரே இல்லாதது, நாம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது உறுமிக்கொண்டே நம்மைத் தாண்டிப் போகும்.

கேட்க வேண்டியது வேறு. அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் (எங்கள் பேச்சில் 'பெண்டு') வண்டி எப்படித் திரும்புகிறது? பின்னால் ஆளை வைத்துக்கொண்டு எப்படி இறங்குகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துகொள்ளத்தான் நானும் என் மாப்பிள்ளையும், அதாவது என் மனைவியின் தம்பி, மூன்று ஞாயிறு வண்டியை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். என்னுடையது ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350, 2023ல் எடுத்தது. அவனுடையது ட்ரையம்ப் ஸ்பீட் 400. ஒன்று நம்ம ஊர்க்காரன், சென்னைப் பக்கம் செய்கிறார்கள். இன்னொன்று பெயர்தான் இங்கிலாந்து, பிறந்தது புனே பக்கம் சாக்கனில், பஜாஜ் ஆலையில்.

முதலில் காகிதக் கணக்கை முடித்துவிடுவோம். ஹன்டருக்கு 349 சிசி, காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின், 20.2 குதிரைத் திறன், 4,000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர் டார்க் (அதாவது சுழற்றும் விசை), ஐந்து கியர், 181 கிலோ. ஸ்பீடுக்கு 398 சிசி, கூலன்ட் ஓடும் இன்ஜின், 8,000 ஆர்பிஎம்மில் 40 குதிரை, 6,500ல் 37.5 நியூட்டன் மீட்டர், ஆறு கியர், 176 கிலோ. டேங்க் இரண்டிலும் 13 லிட்டர். இதைப் படித்தவன் ஹன்டர் வாங்கவே மாட்டான். பாதிக் குதிரை, எடையும் ஐந்து கிலோ கூட.

ஆனால் அந்த எண்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கிற இன்னொரு ஜோடி எண்தான் மலையில் பேசும். ஹன்டரின் பிஸ்டன் 72 மில்லிமீட்டர் அகலம், மேலும் கீழும் 85.8 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஸ்பீடின் பிஸ்டன் 89 மில்லிமீட்டர் அகலம், ஓட்டம் 64 மட்டும்தான். முன்னது ஒல்லியாக உயரமாக இருக்கிற டம்ளர், பின்னது அகலத் தட்டு. ஓட்டம் நீளமான இன்ஜின் வேகமாகச் சுற்ற அலுத்துக்கொள்ளும், மெதுவாகச் சுற்றும்போதே இழுத்துவிடும். அகல பிஸ்டன்காரன் சுற்றச் சுற்றத்தான் உயிர் பெறுவான், கீழே இருக்கும்போது கொஞ்சம் இடிப்பான்.

அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரும் வரைக்கும் இதில் எதுவும் தெரியாது. அடிவாரம் செக்போஸ்ட் தாண்டியதும்தான் ஆரம்பம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500ஐ ஒட்டி. ஒரு மணி நேரத்துக்குள் 1,200 மீட்டர் ஏற்றம்.

பெண்டுகளில் ஏறும்போது எல்லா வளைவும் ஒன்றல்ல. நாம் இடதுபக்கம் போகிறவர்கள். அதனால் வலப்புறம் திரும்பும் பெண்டில் நமக்கு வெளிவட்டம் கிடைக்கும், சாய்வும் தணிவு, எந்த வண்டியும் சிரித்துக்கொண்டே போகும். இடப்புறம் திரும்பும் பெண்டில் நாம் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்கிறோம். அங்கே ரோடு ஏறக்குறைய மாடிப்படி மாதிரி நிற்கும். வண்டியின் வேகம் பதினைந்துக்கு வந்துவிடும். வண்டியின் குணம் தெரிவது அந்த நாலு செகண்டில்தான்.

ஹன்டரை செகண்ட் கியரில் விட்டுவிட்டால் போதும். தட் தட் தட் என்று எண்ணிக்கொண்டே ஏறிவிடும், கிளட்ச் பக்கம் கையே போகாது. ஸ்பீடில் செகண்டில் போனால் இன்ஜின் இடிக்கும், செயின் துள்ளும், நாம் ஹாஃப் கிளட்ச் போட்டுச் சமாளிக்க வேண்டும். ஃபர்ஸ்டுக்கு இறக்கினால் இழுவை பிய்த்துக்கொண்டு போகும், ஆனால் ஆக்சிலேட்டரைத் துளி தொட்டாலும் வண்டி முன்னே பாயும், விட்டால் முகம் குப்புற இழுக்கும். மூன்றாவது ஞாயிறு வாக்கில் எனக்கு இது பழகிவிட்டது: பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஃபர்ஸ்டில் திறக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளும் வரைக்கும் ஒவ்வொரு இடப் பெண்டும் ஒரு பரீட்சை.

ஒன்பதாவது பெண்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் ஸ்பீடில், பின்னால் மனைவி. மேலிருந்து அரசு பஸ் இறங்குகிறது. பெண்டில் பஸ் திரும்பும்போது அதன் மூக்கு நம் பக்கத்து ரோடு முழுவதையும் பெருக்கிக்கொண்டு வரும், தெரிந்தவர்கள் முன்னாலேயே நின்றுவிடுவார்கள். நின்றேன். பஸ் போனது. இப்போது ஏற்றத்தில், இரண்டு பேருடன், நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். வலது கால் பிரேக்கில், இடது கால் தரையில். ஸ்பீடின் கிளட்ச் லீவர் வெண்ணெய் மாதிரி, இரண்டு விரல் போதும், அந்தப் புண்ணியம் அதன் ஸ்லிப்-அசிஸ்ட் கிளட்சுக்கு. ஆனால் ஆர்பிஎம்மை மூவாயிரத்துக்கு மேல் ஏற்றி வைக்காமல் கிளட்சை விட்டேன், பட்டென்று ஆஃப். பின்னால் கார்க்காரர் ஹாரன். இரண்டாவது தடவைதான் கிளம்பியது. மாப்பிள்ளை எனக்குப் பின்னால் என் ஹன்டரில் நின்றிருந்தான். கிளட்சை விட்டான், அது பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டது. என் மனைவி இறங்கியதும் சொன்ன தீர்ப்பு: "உங்க வண்டியில தூக்கம் வருது. தம்பி வண்டியில சேர்வராயன் சாமி ஞாபகம் வருது."

ஸ்பீடுக்கு அநியாயம் செய்யக்கூடாது. பெண்டுக்கும் பெண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த நீள ஏற்றங்களில் அதன் பக்கத்தில் ஹன்டர் நிற்க முடியாது. முன்னால் சரக்கு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும், எதிரே நூறு மீட்டர் ரோடு காலி. ஸ்பீடில் தேர்டு கியர், ஒரு திருகு, லாரி கண்ணாடியில் பின்னால் போய்விடும். ஹன்டரில் அதே இடத்தில் கணக்குப் போட்டு, செகண்டுக்கு இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, பாதியில் மனசு மாறித் திரும்ப லாரிக்குப் பின்னாலேயே வந்துவிடுவேன். தனி ஆளாக, விடியற்காலை ஐந்தரைக்கு, ரோட்டில் குரங்கைத் தவிர யாரும் இல்லாதபோது இந்த மலை ஸ்பீட் 400க்காகவே வெட்டியது மாதிரி இருக்கும். முன்பக்க ஃபோர்க்கும் ரேடியல் டயரும் சேர்ந்து கொடுக்கும் நம்பிக்கையை ஹன்டரால் தர முடியாது. என்னுடைய 2023 ஹன்டரின் பின் சஸ்பென்ஷன் முரட்டுக் கட்டை. 2025ல் கம்பெனியே அதை மாற்றி, ஸ்லிப்-அசிஸ்ட் கிளட்சும் கொடுத்து, கிரவுண்டு கிளியரன்சை, அதாவது வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை, 160 மில்லிமீட்டராக உயர்த்திவிட்டது. புதிதாக வாங்குபவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இறக்கம். என்னைக் கேட்டால் இதுதான் அசல் பரீட்சை, இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 320 கிலோ என்று வையுங்கள். 1,200 மீட்டர் இறங்கும்போது வெளியே போக வேண்டிய சக்தி ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட். வீட்டில் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் போட்டுவிட்டால் எவ்வளவு சூடோ, அவ்வளவும் உங்கள் இன்ஜினிலும் பிரேக்கிலும் காற்றிலும்தான் கரைய வேண்டும். இன்ஜின் தன் பங்கை எடுத்துக்கொள்ளாவிட்டால் டிஸ்க்கின் தலையில்தான் விழும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரைக்கும் இறங்கிவிடலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் லீவர் பஞ்சு.

எனக்கு இது புத்தகத்தில் படித்ததல்ல. பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு வண்டியில், டாப் கியரில் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதி மலை வருவதற்குள் கருகல் வாடை, அடுத்த பெண்டில் பெடல் அடிவரைக்கும் போய்விட்டது. ஓரமாகத் தடுப்புச் சுவரை ஒட்டி நின்று அரை மணி நேரம் ஆற வைத்தேன். தப்பு முழுக்க என் காலுடையது. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன், வயிற்றைக் கலக்கும்.

இறக்கத்தில் ஸ்பீடின் பிரேக் ஒரு படி மேல். 300 மில்லிமீட்டர் முன் டிஸ்க், ஒரு விரலில் பிடிக்கலாம். கம்ப்ரஷன், அதாவது இன்ஜின் உள்ளே காற்றை அமுக்கும் அளவு, 12க்கு 1 என்பதால் செகண்டில் விட்டால் இன்ஜினே நன்றாகப் பிடித்து இழுக்கிறது. ஹன்டரின் கம்ப்ரஷன் 9.5தான், பிடிப்பு மெதுவானது. ஆனால் அந்த மெதுவானதுதான் எனக்குப் பிடிக்கிறது. ஏறும்போது சுலபமாக இருந்த வலப் பெண்டுகள் இறங்கும்போது இடப் பெண்டாகி, செங்குத்து உள்வட்டமாக எதிரே நிற்கும். அங்கே ஹன்டர் செகண்டில் ஒரே சீராக, தொட்டில் மாதிரி இறங்குகிறது. ஸ்பீட் செகண்டில் பிடிக்கும், விடும், பிடிக்கும். பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் நம் ஹெல்மெட்டில் டொக் டொக் என்று முட்டிக்கொண்டே வரும். தனியாக இறங்கினால் ஸ்பீட், ஜோடியாக இறங்கினால் ஹன்டர். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

"அப்ப ஹிமாலயன் 450?" என்று கேட்பீர்கள். நண்பர் ஒருவருடையதை அரை நாள் ஓட்டினேன். நாகலூர் பக்கம் காபித் தோட்டத்து மண் பாதைகளுக்கும், மழை முடிந்த கையோடு, ஏற்காட்டுக்கு இன்னொரு வழியான குப்பனூர் ரோட்டில் போவதற்கும் அதை அடிக்க இந்த இரண்டாலும் ஆகாது. 230 மில்லிமீட்டர் கிரவுண்டு கிளியரன்ஸ், 17 லிட்டர் டேங்க். ஆனால் சீட் உயரம் 825 மில்லிமீட்டர், எடை 196 கிலோ. ஐந்தடி நாலங்குலக்காரனான நான் பெண்டின் சாய்வில் நின்று கால் ஊன்றப் போனால் தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. பக்கவாட்டில் சாய்ந்தால் 196 கிலோவை நான் பிடித்து நிறுத்தப் போவதில்லை. ஐந்தே முக்கால் அடிக்காரர்கள் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

இனி பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்குமான வண்டிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆனது. அதற்கு மேல் போனால், செஸ்ஸோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆனது. ஹன்டர் ஒரே ஒரு சிசியில் கோட்டுக்கு உள்ளே தப்பித்தது. 398 சிசி ஸ்பீட் 48 சிசியில் வெளியே நின்றுவிட்டது. இது போக தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு ரோடு டாக்ஸ் 12 சதவீதம், அந்தத் தொகையும் விலைக்குத் தக்கபடி கூடும். ஆக மொத்தம் இரண்டுக்கும் நடுவில் ஒரு லட்சம் முன்னே பின்னே வித்தியாசம். அந்த லட்சத்துக்கு ஸ்பீடில் இரட்டிப்புக் குதிரை வருகிறது, பின் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோல் வருகிறது, 16,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் சர்வீஸ் என்கிற நிம்மதி வருகிறது. கிருஷ்ணகிரி வழியாக பெங்களூர் வரைக்கும் நூறிலேயே போய் முதுகு வலிக்காமல் இறங்கலாம். ஹன்டரில் நூறு என்பது மரியாதைக்குச் சொல்வது, எண்பத்தைந்தில்தான் அதற்குச் சந்தோஷம். மைலேஜ் என் கையில் ஹன்டர் 35ஐ ஒட்டி, ஸ்பீட் 30க்குக் கொஞ்சம் கீழே.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. டெஸ்ட் ரைடு என்றால் ஷோரூமில் ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வரச் சொல்வார்கள். அங்கே ஸ்பீட் 400 ஓட்டியவன் வேறெதையும் வாங்க மாட்டான். கெஞ்சிக் கூத்தாடி அடிவாரம் வரைக்கும் போய் முதல் மூன்று பெண்டு ஏறி இறங்கிவிடுங்கள், முடிந்தால் வீட்டில் இருப்பவரைப் பின்னால் உட்கார வைத்து.

மூன்றாவது ஞாயிறு மேலே ஏற்காடு ஒண்டிக்கடையில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே மாப்பிள்ளையிடம் கேட்டேன், "சரி, எது தேவலாம்?" யோசிக்காமல் "நம்ம வண்டிதான் மாமா, அதுல என்ன சந்தேகம்" என்றான். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் மெதுவாக வந்தான். "வர்ற ஞாயித்துக்கெழம அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வரணும். உங்க சாவியக் குடுக்கிறீங்களா?"

கொடுத்தேன். என்ன இருந்தாலும் மாமியார். டேங்கை நிரப்பித்தான் திருப்பித் தரணும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.