எஞ்சின் மக்கர் செய்யும் காரை விற்பதா, வேலை பார்த்து ஓட்டுவதா?

போன வருடம் சித்திரை வெயிலில் மணப்பாறை தாண்டும்போது ஹீட் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. என்னுடையது 2013-இல் வாங்கிய டீசல் கார், 1,18,000 கி.மீ. ஓடியது. ஓரங்கட்டி, கட்டி இழுத்துக்கொண்டு திருச்சிக்கு வந்தோம். மெக்கானிக் ஆயில் மூடியைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். பால் காபி நிறத்தில் கொழகொழவென்று அப்பியிருந்தது.

"ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு சார். ஹெட் கேஸ்கட் போயிருக்கு. இறக்கிப் பார்த்தாத்தான் மிச்சம் தெரியும்."

எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும், கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஆயிலும் தண்ணியும் கலக்காமல் அடைத்து வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். வீட்டில் எல்லோரும் விற்கத்தான் சொன்னார்கள். விற்றால் பணம் உடனே கைக்கு வரும், வொர்க்‌ஷாப்புக்கு நடையாய் நடக்க வேண்டாம். அதை மறுக்கவில்லை. ஆனால் புரோக்கர் 95,000 ரூபாய்தான் சொன்னார். இதே வருடத்து வண்டி நல்ல ஓட்டத்தில் இருந்தால் 2,20,000 வரை போகிறது. கேஸ்கட் வேலைக்கு மெக்கானிக் சொன்னதோ 35,000 முதல் 45,000 வரை.

நான் முடிவெடுத்தது இந்த இடைவெளியை வைத்துத்தான். வாங்க வருகிறவர் கேஸ்கட் செலவை மட்டும் கழிப்பதில்லை. பிளாக்கில் விரிசல் இருக்கலாம், பிஸ்டன் மாற்ற வேண்டி வரலாம் என்று மோசமான நிலையை வைத்தே விலை போடுகிறார். மூடிக்கிடக்கும் எஞ்சினுக்கு அவர் அப்படித்தான் விலை சொல்ல முடியும், அது நியாயமும்கூட. அதனால் விற்பதாகவே இருந்தாலும் முதலில் ஹெட்டை இறக்கிப் பார்த்துவிடுங்கள். எனக்கு அதற்குக் கூலி 6,000 ஆனது. அதற்குப் பிறகுதான் கையில் ஒரு கணக்கு வந்தது.

லேத்தில் ஹெட்டைக் கழுவி, குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்தார்கள். நடு இரண்டு சிலிண்டருக்கும் இடையில் தகடு தாராளமாக உள்ளே போனது. ஹெட் வளைந்திருந்தது, ஆனால் லேசாக ஃபேஸிங் போட்டால், அதாவது அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்கினால், சரியாகும் அளவுதான். டீசல் எஞ்சினில் இஷ்டத்துக்குச் சீவ முடியாது, வால்வு பிஸ்டனில் போய் இடிக்கும். பிரஷர் டெஸ்டில் விரிசல் எதுவும் இல்லை. சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள் (தயாரிக்கும்போதே போடும் மெல்லிய குறுக்குக் கீறல்கள்) தேய்ந்து அழியாமல் இருந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. கீழ் எஞ்சினைத் தொட வேண்டாம் என்று ஆகிவிட்டது. சூடானதற்குக் காரணம் வாட்டர் பம்ப். அதையும் தெர்மோஸ்டாட்டையும் ஹெட் போல்டுகளையும் புதிதாகப் போட்டோம். மூலகாரணத்தை விட்டுவிட்டு கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் அதே வேலை மறுபடி வந்து நிற்கும். மொத்தம் 41,500.

இறக்கிப் பார்த்ததில் பிளாக் விரிந்திருந்தாலோ சிலிண்டர் சுவரில் ஆழமாகக் கோடு விழுந்திருந்தாலோ, விற்றிருப்பேன். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய எஞ்சின் வாங்கி மாற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் மாற்றிய எஞ்சினின் நம்பரை ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் கிடையாது.

வண்டியின் வயதையும் பாருங்கள். சொந்த காருக்கு ஆர்.சி. 15 வருடம்தான், அப்புறம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 600-இலிருந்து 5,000 ஆக்கினார்கள். என் வண்டிக்கு 2028 வரை இருந்தது. ஆறு மாதம்தான் பாக்கி என்றால் இவ்வளவு செலவு செய்திருக்க மாட்டேன்.

விற்கிறவர்கள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு இருந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை, விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஓடாத வண்டியை வாங்குகிறவர் வேலை பார்த்து வேறொருவருக்கு விற்கும் வரை பெயர் மாற்றாமல் வைத்திருப்பது சகஜம்.

வேலை முடிந்து இதுவரை 11,000 கி.மீ. ஓடிவிட்டேன். ஞாயிறுதோறும் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் பாட்டிலைப் பார்க்கிறேன், அளவு இறங்கவில்லை.