சேலத்து மலைச்சாலைகள்: ஒரே சைக்கிளில் ஐந்து வருடம்

சேலத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் ஏதாவது ஒரு பக்கம் மலை தெரியும். வடக்கே சேர்வராயன், தெற்கே சருகுமலை, கிழக்கே போனால் அருநூற்றுமலை. ரோடு பைக் வாங்கும்போது நான் இதை யோசிக்கவே இல்லை. அலுமினிய ஃபிரேம், முன்னால் 50-34 பல், பின்னால் 11-28 கேசட் (11 முதல் 28 பல் வரை உள்ள பல்சக்கர அடுக்கு), 25 மில்லிமீட்டர் டயர், சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக். கடைக்காரர் "இது போதும் சார்" என்றார். சமதளத்துக்குப் போதும்தான்.

முதல் ஏற்காடு ஏற்றத்தில் அடிவாரம் செக்போஸ்ட்டிலிருந்து மேலே ஏரி வரை போக எனக்கு மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. அதில் நாற்பது நிமிடம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு, சுமார் 22 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். இப்போது நிற்காமல் ஏறினால் ஒரு மணி ஐம்பதில் முடிகிறது. உடம்பு தேறியது பாதிக் காரணம். மீதிப் பாதி பின் பல்லை மாற்றியதுதான்.

கணக்கு எளிது. முன்னால் 34, பின்னால் 28 பல்லில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போக வேண்டும். 82 கிலோ உடம்பைச் செங்குத்தான இடங்களில் அந்த வேகத்தில் மேலே தள்ளும் தெம்பு எனக்கு இல்லை. அதனால் மிதி 45 சுற்றுக்கு இறங்கும், முட்டி பிடிக்கும், நிற்பேன். பின்னால் 34 பல் போட்டதும் அதே 60 சுற்றுக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் போதும் என்றானது. மூச்சு வாங்கும், ஆனால் முட்டி வலிக்காது. கேசட்டோடு பின் டிரெயிலரையும் (செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிக் கொடுத்த கடையில் செயினைப் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டார்கள். முன்னாலும் பெரிய பல், பின்னாலும் பெரிய பல் என்று கியர் போட்டபோது டிரெயிலர் கிழிந்துபோகாத குறை. புது கேசட் மாட்டினால் வண்டியை எடுக்கும் முன் அந்த ஒரு கியரை ஸ்டாண்டிலேயே கையால் சுற்றிப் பாருங்கள்.

வளைவுகளைப் பற்றி ஒரு விஷயம். கொல்லிமலைக்கு எழுபது வளைவு என்றதும் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். நானும் இரண்டு வருடம் அதற்குப் பயந்து போகாமலே இருந்தேன். வளைவை எண்ணிப் பயப்படுவதில் அர்த்தமில்லை. சரிவைக் குறைக்கத்தானே சாலையை இப்படி மடக்கி மடக்கிப் போடுகிறார்கள்? நமக்கு இடதுபக்கப் போக்குவரத்து. இடது வளைவில் நாம் உள்பக்கம், செங்குத்தாக இருக்கும், இருக்கையை விட்டு எழுந்துதான் மிதிக்க வேண்டும். வலது வளைவில் நாம் வெளிப்பக்கம், அங்கே சாலை கிட்டத்தட்ட சமமாகப் படுத்திருக்கும், இரண்டு மூச்சு இழுத்துக்கொள்ளலாம். ஆக எழுபதில் பாதி தண்டனை, பாதி திண்ணை. ஏற்காட்டில் ஒரு வளைவுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நீளமான மேடு வருகிறது. எனக்கு அதுதான் கஷ்டம்.

கொல்லிமலைக்கு முந்தின நாளே சேந்தமங்கலத்தில் சித்தி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். விடிகாலை ஐந்தரைக்கு மலையடிவாரத்துக் காரவள்ளி. 1/70, 2/70 என்று ஒவ்வொரு வளைவிலும் பலகை இருக்கிறது. முதல் முறை அது உற்சாகம். நாற்பதுக்கு மேல் எரிச்சல். மேலே சோளக்காட்டில் பலாச்சுளையும் டீயும் கிடைத்ததும் எரிச்சல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். ஏழு மணிக்கு மேல் பெரிய பைக்குகள் வளைவை நம் பக்கமாகவே வெட்டிக்கொண்டு இறங்கும். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போதும் மலை முழுக்க வண்டிதான். எழுபது வளைவு வேண்டாம் என்றால் நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழி இருக்கிறது. மஞ்சள் காயும் வாசத்தோடு அடிவாரம் வரை போகலாம். நான் அந்தப் பக்கம் ஒரே முறைதான் ஏறினேன், அதனால் அதிகம் சொல்ல மாட்டேன்.

ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னை உண்மையில் பயமுறுத்தியது இறக்கம். இரண்டாம் வருடம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பின் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். அறுபதடிப் பாலம் பக்கத்தில் ஏதோ கருகுகிற வாடை. நிறுத்தி ரிம்மைத் தொட்டேன், தோசைக்கல். விரல் நுனி கொப்பளித்துவிட்டது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் அப்படியே வந்திருந்தால் ட்யூப் வெடித்திருக்கும் என்று பஞ்சர் கடை அண்ணன் சொன்னார். அன்றிலிருந்து வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைப்பேன், வளைவுக்குள் விட்டுவிடுவேன். காற்றே ரிம்மை ஆற்றிவிடும். மழையில் ரிம் பிரேக் பிடிக்க ஒரு நொடி தாமதமாகும். மலையில் அந்த ஒரு நொடி நிறைய. இன்று வாங்குவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிஸ்க் பிரேக்தான்.

பிரேக் கட்டை எனக்கு வருடத்துக்கு மூன்று ஜோடி போகிறது. செயின் மூவாயிரம், மூவாயிரத்து ஐநூறு கிலோமீட்டரில் நீண்டுவிடும், அதற்குள் மாற்றினால் கேசட் பிழைக்கும். டயரை 28 மில்லிமீட்டருக்கு மாற்றினேன். என் ஃபிரேமில் அதற்கு மேல் இடமில்லை. காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் கிராமத்து ரோட்டில் கை மரத்துப்போவதில்லை.

ஏற்காட்டின் இன்னொரு சாலையான குப்பனூர் வழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் சரியாகாது. அடிவாரம் வழியாக ஏறி, ஒண்டிக்கடை தாண்டி, கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கி, அயோத்தியாப்பட்டணம் வந்து வீடு சேருவது என் வழக்கமான சுற்று. அந்தப் பக்கம் வண்டி குறைவு, இருபுறமும் காபித் தோட்டம், சில்வர் ஓக் நிழல், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. பூ மழை (காபியைப் பூக்க வைக்கும் கோடை மழை) பெய்து ஒரு வாரம் பத்து நாளில் போனால் காபிப் பூ வாசம் மூக்கைத் துளைக்கும். மே மாதக் கோடை விழா நாட்களில் மட்டும் ஏறும் வண்டியை அடிவாரம் வழியும் இறங்கும் வண்டியைக் குப்பனூர் வழியும் திருப்பிவிடுவார்கள். அப்போது நம் அமைதிச் சாலை தேர்த் திருவிழாவாகிவிடும். மழைக்காலத்தில் மண் சரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சில வாரம் நான் மலைப் பக்கமே போகவில்லை. சரிந்த இடங்களில் ஜல்லி உதிர்ந்து கிடக்கும், வளைவில் அதன் மேல் ஏறினால் சறுக்கல்தான்.

குரங்குத் தொல்லைக்கு ஒரே மருந்து, முதுகுப் பாக்கெட்டில் வாழைப்பழம் வெளியே தெரியாமல் வைப்பது. அனுபவித்தவன் சொல்கிறேன்.

இத்தனை சொன்னாலும், மாதம் ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நான் மலை ஏறப் போக மாட்டேன். வாழப்பாடி, பேளூர், அப்புறம் புழுதிக்குட்டை. போய் வர 90, 95 கிலோமீட்டர் ஆகும். வாழப்பாடி வரை பெரிய ரோடு, லாரி இரைச்சல், அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். பேளூர் திரும்பியதும் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. சீசனில் வீட்டு வாசலில் உட்கார்ந்து பெண்கள் பாக்கு உரிப்பார்கள். மரவள்ளிக் காடு, ஆங்காங்கே ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடை, நடுவில் சின்னச் சின்ன மேடுகள். ஒன்றுக்கும் பெயர் கிடையாது, பலகை கிடையாது. ஏறி முடிப்பதற்குள் இறங்கிவிடும், இறங்கிய வேகத்திலேயே அடுத்ததில் பாதி ஏறிவிடலாம். கடைசியில் ஆனைமடுவு அணை, அதற்குப் பின்னால் மலை. தண்ணீர் இருந்தால் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும்.

இந்த ரோட்டுக்கும் தொல்லை உண்டு. சுண்ணாம்புக் கோடு அழிந்துபோன வேகத்தடைகள் மர நிழலில் தெரியவே தெரியாது. தை, மாசியில் கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பியிருப்பார்கள், பஸ் ஏறி மிதித்துக் காய் உதிர வேண்டும் என்று. அதன் கொடி பின் சக்கரத்தில் சுற்றி, கேசட்டுக்குள் போய், ஒருநாள் அரை மணி நேரம் கத்தியால் நோண்டினேன். கொள்ளு உலர்த்திய பாட்டி பக்கத்தில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, சேலத்துலருந்து இதுலயா வந்த?"

"ஆமாங்க பாட்டி."

"பஸ்ஸு ஓடலயா இன்னைக்கு?"

ஓடுகிறது என்றேன். பாட்டி உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். குடித்து முடித்ததும், போகும்போது மிச்சக் கொள்ளு மேலேயும் ஒரு தடவை ஓட்டிவிட்டுப் போகச் சொன்னார். 28 மில்லிமீட்டர் டயரில் ஒரு காய்கூட உதிர்ந்திருக்காது. இரண்டு சுற்று ஓட்டிவிட்டுத்தான் வந்தேன்.