கடலை மறித்தவரும் காட்டைப் பிடித்தவரும்

மிளகு, ஜாதிக்காய் வணிகத்துக்காக ஆசியாவுக்கு வந்த போர்த்துகீசியரையும் டச்சுக்காரரையும் ஒரே தராசில் நிறுத்துவது பலருக்கும் வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அதன்பின் போர்த்துகீசியர் தங்கள் அரசரின் பெயரால் கடலுக்கே சுங்கச்சாவடி போட்டார்கள். 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துச் சரக்கைப் பறித்தார்கள். ஆனால் அத்தனை பெரிய கடலைக் காக்க ஆளும் போதவில்லை, கப்பலும் போதவில்லை. செங்கடல் வழியாக மிளகு போய்க்கொண்டேதான் இருந்தது. (1502-இல் ஹஜ் பயணிகளைக் கப்பலோடு எரித்த காமாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

1602-இல் உருவான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வேறு ரகம். பங்கு விற்று முதல் திரட்டியது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்கூடப் பங்கு வாங்கினாள். வழியை மறிப்பதோடு நிற்காமல் விளைநிலத்தையே வளைத்துக்கொண்டது. ஜாதிக்காய் அப்போது இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பாண்டா தீவுகளில் மட்டுமே விளைந்தது. 1621-இல் கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு போய் இறங்கினார். சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாகக் கருதப்படும் அத்தீவுகளில் மிஞ்சியவர்கள் ஆயிரம் சொச்சம். பலர் கொல்லப்பட்டார்கள், பலர் பசியில் மாண்டார்கள், நாடுகடத்தப்பட்டவர்களும் உண்டு. தோட்ட வேலைக்கு வெளியிலிருந்து அடிமைகள் வந்தார்கள்.

நாகப்பட்டினத்தில் இருவரும் இருந்தார்கள். 1658-இல் அது போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியது. மிளகாய் மட்டும் போர்த்துகீசியர் கொண்டுவந்தது, இன்னும் நம் அடுக்களையில்தான் இருக்கிறது.