ஆவணிக் காலைக்கு ஒரு கேப் கிளாசிக்: பழக் காக்டெய்லில் காப்சே வோன்கல் ப்ரூட்

டர்பனில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் கழிகிறது. செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிட்டால், விரதம் முடியும் வரை வீட்டில் இறைச்சியும் இல்லை, மதுவும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையில் வரும் ஆவணிதான் உறவினரை அழைத்து விருந்து வைக்கக் கிடைக்கும் காலம். நல்ல வேளையாக, தென்னாப்பிரிக்காவில் வசந்தம் பிறப்பதும் அப்போதே. செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று காலை பத்தரை மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் வரை நீளும் பிரன்ச் ஒன்றை நான் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இம்முறை பெரியவர்கள் பத்துப் பேருக்கு ஸ்பார்க்ளிங் ஒயினில் பழக் காக்டெய்ல் கலந்து கொடுக்க எண்ணி, சைமன்சிக் பண்ணையின் காப்சே வோன்கல் ப்ரூட் நான்கு பாட்டில்கள் வாங்கினேன். தனியாகப் பருகும்போது அந்த ஒயின் எப்படி இருக்கும் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பழத்தோடு சேரும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதே என் மதிப்புரையின் பொருள்.

ஸ்டெலன்போஷில் உள்ள சைமன்சிக்கில் ஃபிரான்ஸ் மலான் 1971ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து தயாரித்த காப்சே வோன்கல்தான், ஷாம்பெயின் முறையில் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கவைத்து இந்நாட்டில் செய்யப்பட்ட முதல் ஒயின். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அப்பெயருக்குக் கேப்பின், அதாவது ஸ்டெலன்போஷ் இருக்கும் வட்டாரத்தின், மினுக்கம் என்று பொருள். முதலில் அதைச் செனின் பிளாங்க் திராட்சையில் செய்தார்கள். இப்போது ஷாம்பெயினுக்குரிய ஷார்டனே, பினோ நுவார், பினோ மூனியே ஆகிய மூன்று திராட்சைகளில் செய்கிறார்கள். ஷாம்பெயின் என்ற பெயர் பிரான்சின் அந்த வட்டாரத்துக்கே உரியது என்பதால், இங்குள்ள உற்பத்தியாளர்கள் 1992இல் சங்கமாகக் கூடி இம்முறையில் செய்த ஒயின்களுக்குக் கேப் கிளாசிக் என்ற பெயரை நிலைநிறுத்தினார்கள்.

பழக் காக்டெய்ல் கலப்பவருக்கு இந்த வரலாறு ஏன் தேவை என்றால், குமிழி எங்கிருந்து வருகிறது என்பதுதான் கலவையின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. சோடாவில் செய்வதைப் போலக் கரியமில வாயுவை ஒயினுக்குள் செலுத்திச் செய்யும் மலிவான பாட்டில்களும் கடையில் அருகருகே நிற்கின்றன. விலை பாதி என்பதற்காகச் சென்ற ஆண்டு நான் அப்படிப்பட்ட இனிப்பு வகை ஒன்றை வாங்கினேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். ஸ்ட்ராபெர்ரிக் கூழின் மேல் ஊற்றியதும் சீறிப் பொங்கி மேசை விரிப்பை நனைத்தது. பொங்கி அடங்கிய பிறகு கிளாஸில் குமிழியே இல்லை. ஒயினின் சர்க்கரையும் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து சர்பத்தைப் போலத் தித்தித்தது. அத்தை மரியாதைக்காக இரண்டு மிடறு குடித்துவிட்டுத் தேநீர் கேட்டார்.

ஆகவே இம்முறை உலர்ந்த ஒயின், அதாவது இனிப்புக் குறைந்த ஒயின் என்று உறுதியாக முடிவு செய்தேன். ப்ரூட் என்ற சொல் லேபிளில் இருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லை என்று கொள்ளலாம். எக்ஸ்ட்ரா டிரை என்று எழுதியிருப்பதைப் பார்த்து இன்னும் உலர்ந்தது என்று நினைத்து ஏமாறக் கூடாது. அது ப்ரூட்டைவிட இனிப்பானது. இனிப்பைக் கொண்டுவருவது பழத்தின் பொறுப்பு, புளிப்பையும் குமிழியையும் கொண்டுவருவது ஒயினின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

பாட்டிலை முந்தைய இரவே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். 6 முதல் 8 டிகிரி வரை குளிர்ந்திருந்தால்தான் வாயு ஒயினுக்குள் அடங்கி இருக்கும். உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 6 பார், அதாவது கார் டயரில் இருப்பதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். வெள்ளித்தாளை உரித்து, தக்கையின் மேல் கட்டைவிரலை அழுத்தியபடியே கம்பிக்கூட்டின் வளையத்தை ஆறு அரைச்சுற்றுச் சுற்றித் தளர்த்தி, கம்பியை அகற்றாமலே தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு மறுகையால் பாட்டிலின் அடிப்பகுதியைத் திருப்ப வேண்டும். தக்கையைத் திருப்பக் கூடாது. தக்கை மெல்ல மேலேறிவரும். வெளிவரும்போது அதை எதிர்த்துச் சற்று அழுத்தினால் வெடிச்சத்தத்துக்குப் பதிலாகப் பெருமூச்சைப் போன்ற ஓசைதான் கேட்கும். நான்கு பாட்டில்களையும் அப்படித்தான் திறந்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

முதலில் ஸ்ட்ராபெர்ரி. இங்கே குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் அது நன்றாக வரும். அரைக் கிலோவை நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரையும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்து அரை மணி நேரம் ஊறவிட்டு, அரைத்து, மெல்லிய வடிகட்டியில் தேய்த்து இறக்கினேன். வடிகட்டுவதைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. விதையும் நாரும் துகளும் மிதக்கும் கூழில் ஒவ்வொரு துகளையும் பற்றிக்கொண்டு குமிழிகள் பிறக்கின்றன. சென்ற ஆண்டு பொங்கி வழிந்ததற்கு மலிவு ஒயின் பாதிக் காரணம் என்றால், வடிகட்டாமல் அறைச் சூட்டில் வைத்திருந்த என் கூழ் மறுபாதிக் காரணம். இம்முறை கூழும் ஒயினைப் போலவே சில்லென்றிருந்தது. 30 மில்லியைக் கிளாஸின் அடியில் விட்டு, கிளாஸைச் சாய்த்து 100 மில்லி ஒயினை இரண்டு தவணையாக ஊற்றி, நீண்ட கரண்டியால் அடியிலிருந்து ஒருமுறை மட்டும் தூக்கிவிட்டேன். இளஞ்சிவப்பு நுரை ஒரு விரல் உயரம் எழுந்து நின்று இறங்கியது. அதன் பிறகும் கால் மணி நேரம் வரை சரஞ்சரமாகக் குமிழி ஏறிக்கொண்டே இருந்தது. காப்சே வோன்கலின் முதல் சிறப்பு இந்த நீடித்த குமிழிதான். பெரியம்மா ஒரு வாய் பருகிவிட்டு, “பழம்தான் தெரியுது, சாராய வாடையே இல்லையே” என்றார். வாடை இல்லாவிட்டாலும் 100 மில்லியில் கிட்டத்தட்ட 12 மில்லி ஆல்கஹால் இருக்கிறது என்று அவரிடம் சொல்லி வைத்தேன்.

அடுத்தது நார்ச்சி. தோல் எளிதில் உரியும் இந்தச் சின்ன ஆரஞ்சுக்கு ஆஃப்ரிகான்ஸில் வழங்கும் பெயர் நம் நாரத்தை என்ற சொல்லிலிருந்து போனது என்று அகராதிகள் கூறுகின்றன. ஊறுகாய்க்குப் போகும் நம் கசப்புக் காயின் பெயர் கடல் கடந்து வந்து இனிப்பான பழமொன்றின் மேல் அமர்ந்திருக்கிறது என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்ல எனக்குப் பிடிக்கும். செப்டம்பரில் கிடைப்பவை பருவத்தின் கடைசிப் பழங்கள். ஆகையால் முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும். மிமோசா என்ற பெயரில் ஆரஞ்சுச் சாற்றையும் ஒயினையும் சரிபாதியாகக் கலப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். எனக்கு அந்த அளவில் உடன்பாடு இல்லை; பாதிக்குப் பாதி என்றால் ஒயின் தண்ணீர்த்துப் போகிறது. லண்டனில் உள்ள பக்ஸ் கிளப்பில் 1921இல் தோன்றிய பக்ஸ் ஃபிஸ் என்ற கலவையில் ஒரு பங்கு சாற்றுக்கு இரண்டு பங்கு ஒயின் சேரும், அந்தக் கணக்கே பொருந்துகிறது. நார்ச்சிச் சாற்றில் அதைவிடச் சற்றுக் குறைவாக, 100 மில்லி ஒயினுக்கு 40 மில்லி போதுமானதாக இருந்தது. காப்சே வோன்கலில் இயல்பாகவே எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் நினைவுக்கு வரும் ஒரு புளிப்பு உண்டு. நார்ச்சியின் வாசம் அந்தப் புளிப்பின் மேல் ஏறி நின்றது. அன்று கலந்தவற்றுள் ஒயினும் பழமும் ஒன்றையொன்று மறைக்காமல் சமமாக நின்றது இதில்தான்.

ஆனால் எல்லோரும் மீண்டும் கேட்டது முசுக்கட்டைப் பழம். டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தில் பல வீடுகளின் பின்புறம் முசுக்கட்டை மரம் நிற்கிறது. பிள்ளைகள் பட்டுப்புழு வளர்க்க இலை பறிப்பார்கள், பழமோ பறவைகளுக்கும் தரைக்கும்தான் போகும். முதல் பழங்கள் கறுக்கும் வாரத்தில்தான் எங்கள் விருந்தும் வந்தது. கால் கிலோவை 50 கிராம் சர்க்கரையுடன் ஐந்து நிமிடம் மெல்லிய தீயில் வைத்து, துணியில் கட்டிப் பிழிந்தேன். விரல் நகத்தின் ஓரத்தில் ஏறிய ஊதா நிறம் மூன்று நாள் போகவில்லை. 15 மில்லி போதும். 20க்கு மேல் போனால் ஒயின் அதன் கீழே புதைந்துவிடும். இந்தப் பாகின் அடர்த்தி அதிகம் என்பதால் கலக்காமல் விட்டால் அடியில் கருஞ்சிவப்பாகத் தங்கி, மேலே போகப் போக ரோஜா நிறமாக வெளிறி, குமிழிகள் அந்த அடிப்பகுதியிலிருந்து மெல்லிய நூல் நூலாக நிறத்தை மேலே இழுத்துச் செல்வதைக் காணலாம். அழகுக்காக அப்படியே கொடுத்தேன். சுவைக்காக ஒருமுறை கலக்கிக்கொள்ளச் சொன்னேன். பழத்தில் இனிப்பு மிகுதி, புளிப்புக் குறைவு. அந்தக் குறையைப் ப்ரூட் ஒயின் துல்லியமாக நிரப்பியது.

கிரனடில்லா என்று இங்கே அழைக்கப்படும் பாஷன் பழத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்தப் பழமே கடும் புளிப்பு. உலர்ந்த ஒயினும் புளிப்பு. இரண்டும் சேர்ந்தபோது பல் கூசியது. பத்து மில்லி சர்க்கரைப் பாகு சேர்த்த பிறகுதான் குடிக்க முடிந்தது. இப்பழத்துக்கு மட்டும் டெமி செக் என்ற இனிப்பு வகை கேப் கிளாசிக்கை வாங்குவதே முறை. எனினும் நான்கைந்து விதைகளை வடிகட்டாமல் விட்டுப் பாருங்கள்: கறுப்பு விதை ஒவ்வொன்றும் குமிழிகளைச் சேர்த்துக்கொண்டு மேலே மிதந்துவந்து, அங்கே அவை உடைந்ததும் மீண்டும் அடியில் போய் விழுந்து, மறுபடியும் எழும். குழந்தைகளுக்காக வெறும் சோடாவில் கலந்து வைத்த கிளாஸ்களைச் சுற்றி அவர்கள் நெடுநேரம் நின்றதற்கு அதுவே காரணம்.

இங்கு விளையும் குவீன் வகை அன்னாசியைச் சாறெடுத்தும் ஒரு சுற்றுக் கலந்தேன். நுரை அளவுக்கு மிஞ்சி வருவதால் பொறுமையாக ஊற்ற வேண்டும் என்பதைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பெல்லினி வேண்டும் என்று கேட்ட தம்பி மகளிடம் டிசம்பர் வரை காத்திருக்கச் சொன்னேன். வெனிஸில் ஹேரிஸ் பாரின் ஜூசெப்பே சிப்ரியானி உருவாக்கிய அந்தக் கலவை, பழுத்த வெள்ளைப் பீச்சின் வாசத்தையே நம்பியிருக்கிறது. நம் பீச் கோடையில்தான் வரும். சர்க்கரைப் பாகில் ஊறிய டின் பீச்சை அரைத்து ஊற்றினால் அந்த வாசம் வராது.

உணவோடு இந்த ஒயின் காட்டிய பொருத்தம் நான் எதிர்பார்த்ததைவிட மேலானது. உளுந்து வடை, சமோசா, டர்பனில் சில்லி பைட்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் பஜ்ஜி ஆகியவை மேசையில் இருந்தன. எண்ணெயும் உப்பும் நாக்கில் படியும்போது நார்ச்சிக் கலவை ஒரு மிடறில் அதைக் கழுவிவிடுகிறது. மிளகாய் தூக்கலான ஆட்டிறைச்சிக் கறிக்கு எதுவும் பொருந்தவில்லை. குமிழி காரத்தைக் கூட்டவே செய்கிறது. அதற்கு மோர்தான்.

அளவைப் பொறுத்தவரை, 750 மில்லி பாட்டிலில் 100 மில்லி வீதம் ஏழு கிளாஸ் வரும். பத்துப் பேருக்கு நான்கு பாட்டில் சரியாக இருந்தது. அரைப் பாட்டில் மிஞ்சியது. அதை ஸ்பார்க்ளிங் ஒயினுக்கென்றே செய்த பிடிப்பு மூடி போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தேன். மறுநாள் மாலையும் குமிழி நன்றாக இருந்தது. கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிடும் பழக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு முசுக்கட்டைப் பாகையும் நார்ச்சிச் சாற்றையும் சோடாவில் கலந்து அதே வகைக் கிளாஸில் கொடுத்தேன்; இந்நாட்டுச் சட்டப்படி வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 கிராமை எட்டினாலே குற்றம், வெறும் வயிற்றில் காலையில் குடிப்பவருக்கு அந்த எல்லை வெகு அருகில் இருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஸ்ட்ராபெர்ரி, நார்ச்சி, முசுக்கட்டை ஆகிய மூன்றுக்கும் தயங்காமல் வாங்கலாம். இதைவிட விலை கூடிய, பல ஆண்டு ஈஸ்டோடு முதிர்ந்த கேப் கிளாசிக்கை இதற்காகத் திறக்காதீர்கள். அவற்றின் வறுத்த ரொட்டி போன்ற நறுமணத்துக்குத்தான் அந்த விலை, முசுக்கட்டைப் பாகு விழுந்த மறுகணம் அது காணாமல் போய்விடும். இந்த ஒயினிலும் அந்த மணம் இலேசாக உண்டு. ஆகவே கலப்பதற்கு முன் ஒரு வாய் தனியாக ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பழத்தை எடுங்கள்.